வீடியோவை விடுங்கள், முதலில் அந்த 50 நிமிடத்தைப் பாருங்கள்: பொறியியல் ஆசிரியர்களுக்கு ஃபிளிப்ட் கிளாஸ்ரூம் வழிகாட்டி

ஃபிளிப்ட் கிளாஸ்ரூம் (பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் கணக்குப் போடுகிற முறை) ஆரம்பிக்கலாம் என்று ஒரு துறையில் முடிவெடுத்ததும் முதலில் தேடுவது கேமராவையும் மைக்கையும்தான். இரண்டு மாதம் வீடியோ எடுப்பதிலேயே ஓடிவிடும். அப்புறம் மாணவர்கள் பாதிப் பேர் பார்த்துவிட்டு வருவார்கள், பாதிப் பேர் பார்க்காமல் வருவார்கள், பார்க்காதவர்களுக்காக ஆசிரியர் அதே பாடத்தைப் பலகையில் மறுபடி எழுதிப்போடுவார், பார்த்துவிட்டு வந்தவர்கள் இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்த முறையில் உழைப்பைக் கொட்ட வேண்டிய இடம் வகுப்பறையின் அந்த 50 நிமிடம். வீடியோ சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பீரியட் சுமாராக இருந்தால் எதுவும் மிஞ்சாது.

ஏன் என்று பார்ப்போம். வழக்கமான முறையில் வரையறை, தேற்றம், டெரிவேஷன் எல்லாம் வகுப்பில் நடக்கும், ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். கணக்கு அசைன்மென்டாக வீட்டுக்குப் போகும். மாணவன் உண்மையில் தடுக்கி விழுவது அந்தக் கணக்கில்தான், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு, கேட்க ஆளில்லாத நேரத்தில். மறுநாள் காலை பஸ்ஸில் நன்றாகப் படிக்கிற நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுவான், நாமும் டிக் போட்டுவிடுவோம். அவன் எங்கே தடுக்கினான் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. இதைத் திருப்பிப்போடுவதுதான் ஃபிளிப்ட் கிளாஸ்ரூம்: முதல் அறிமுகம் வீட்டில், தடுமாறுகிற வேலை ஆசிரியர் கண் முன்னால். பிளெண்டட் லேர்னிங் இதைவிடப் பெரிய குடை. நேரடி வகுப்பையும் ஆன்லைன் அல்லது ஆஃப்லைன் டிஜிட்டல் பாடத்தையும் திட்டமிட்டுக் கலந்தால் அது பிளெண்டட், அதில் ஒரு வகைதான் ஃபிளிப்.

இது கொரோனா காலத்தில் முளைத்தது இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் எடுத்த எரிக் மஸூர் 1990-களிலேயே மாணவர்களை முன்கூட்டிப் படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்டு அவர்களை ஒருவரோடொருவர் விவாதிக்க வைத்தார். 2007-ல் அமெரிக்காவின் கொலராடோ பள்ளி ஆசிரியர்கள் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும் வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யப்போய்த்தான் இந்தப் பெயர் பரவியது. 2012-ல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்ஐடியின் ஆன்லைன் சர்க்யூட் பாடத்தை வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பில் கணக்குப் போட வைத்தார்கள். அந்தப் பிரிவில் 91 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான பிரிவுகளில் 60-க்கும் கீழே. ஒரே ஒரு பிரிவின் கணக்கை வைத்துத் துள்ளக் கூடாதுதான். ஆனால் 2014-ல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே திசைதான் தெரிந்தது. வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்களை வேலை செய்ய வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். கவனியுங்கள், அந்த ஆய்வு பேசுவது வகுப்பில் மாணவன் என்ன செய்தான் என்பதைப் பற்றி. வீட்டில் என்ன பார்த்தான் என்பதைப் பற்றி அல்ல.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: உங்கள் மாணவர்களின் மாலை நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

செமஸ்டர் முதல் வாரத்தில் ஒரு தாளைக் கொடுத்து எழுதி வாங்குங்கள். கூகுள் ஃபார்ம் வேண்டாம், நெட் இல்லாதவன் அதில் பதில் சொல்லவே மாட்டான். வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறாய், போன் உனக்கே உனக்கா இல்லை தம்பி தங்கையோடு பங்கா, தினமும் டேட்டா எவ்வளவு, லேப்டாப் உண்டா, பன்னிரண்டாம் வகுப்பு எந்த மீடியம். அவ்வளவு போதும்.

விருத்தாசலத்திலிருந்தோ பண்ருட்டிக்கு உள்ளே இருக்கிற கிராமத்திலிருந்தோ கல்லூரி பஸ்ஸில் வந்துபோகிற டே ஸ்காலர் வீட்டுக்குள் நுழைய ஏழு மணி ஆகிவிடும். அவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து பாடத்துக்கும் ஆளுக்கொரு 40 நிமிட வீடியோ கொடுத்தால் அவன் எதையும் பார்க்க மாட்டான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ் மீடியத்திலிருந்து நேராக ஆங்கிலப் பாடத்துக்குள் வருகிறவர்கள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். இவர்களுக்கு ஃபிளிப் முறை ஒரு வரம், ஏனென்றால் வீடியோவை நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம், புரியாத வார்த்தையைத் தேடலாம். ஓடுகிற விரிவுரையை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்க அந்த முதலாண்டுப் பிள்ளைக்குத் தைரியம் வராது.

இரண்டாம் படி: முழுப் பாடத்தையும் திருப்பாதீர்கள்

முதல் செமஸ்டரில் நான்கைந்து தலைப்பு போதும். எதை எடுப்பது? அரியர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழைய இன்டர்னல் விடைத்தாள்களைப் புரட்டினால் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுவது தெரியும்: ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்றால் ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் டயகிராம், சர்க்யூட் தியரி என்றால் தெவெனின், சி ப்ரோகிராமிங் என்றால் பாயிண்டர், தெர்மோடைனமிக்ஸ் என்றால் ஸ்டீம் டேபிள் பார்த்து ரான்கின் சைக்கிள் போடுவது. விதி சுலபமாகச் சொல்லிக்கொடுக்கக் கூடியதாக இருக்கும், ஆனால் கை வைத்தால் தப்பும். அப்படிப்பட்ட தலைப்புதான் நமக்கு வேண்டும்.

புதிதாக ஒரு கருத்து முளைக்கிற இடத்தை, உதாரணத்துக்கு என்ட்ரோபி என்றால் என்ன என்பதை, வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதற்கு முகம் பார்த்துப் பேசுகிற ஆசிரியர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: வகுப்புக் கேள்வியை முதலில் எழுதுங்கள், வீடியோ அப்புறம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். வீடியோ எடுத்து முடித்துவிட்டு வகுப்பில் என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள். வகுப்பில் எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டப் போகிறார்கள் என்பது தெரிந்தால்தான் வீட்டில் எவ்வளவு தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது தெரியும்.

ஒரு முழு உதாரணம் தருகிறேன். தலைப்பு பெண்டிங் மொமென்ட், அதாவது சுமை பீமை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பது. இரண்டு முனையிலும் சும்மா தாங்கி நிற்கிற 6 மீட்டர் பீம், இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. இது வீட்டு வீடியோவில் வரும். இடது ரியாக்‌ஷன் 8, வலது 4 (தாங்கிகள் பீமை மேல்நோக்கித் தள்ளும் விசை), சுமைக்குக் கீழே மொமென்ட் 8 பெருக்கல் 2, ஆக 16 கிலோநியூட்டன் மீட்டர். இவ்வளவுதான் வீடியோ.

வகுப்புக்கு மூன்று கேள்விகள். முதலாவது: கடலூர் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் ஒரு கர்டரில் லாரி ஒன்று ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பீமில் அதே 12 கிலோநியூட்டனை நடுவுக்குக் கொண்டுவந்தால் அதிகபட்ச மொமென்ட் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? சுமை மாறவில்லையே என்று ஒரு பெரிய கூட்டம் அப்படியே இருக்கும் என்றுதான் சொல்லும். விடை 18, கூடும். இரண்டாவது: அதே 12 கிலோநியூட்டனை மீட்டருக்கு 2 வீதம் பீம் முழுக்கப் பரப்பிவிட்டால்? விடை 9, சரியாகப் பாதி. ஒரே எடை, குவித்து வைத்தால் 18, பரப்பி வைத்தால் 9 என்பதைத் தன் கையால் போட்டுப் பார்த்தவன் அதை மறக்க மாட்டான். மூன்றாவது கேள்வியில் எண் எதுவும் கிடையாது: ஒரு ஷியர் ஃபோர்ஸ் டயகிராமை (பீமின் ஒவ்வொரு வெட்டிலும் குறுக்கு விசை எவ்வளவு என்று காட்டும் படம்) மட்டும் பலகையில் வரைந்து, இந்த பீமில் சுமை எங்கெங்கே இருக்கிறது என்று பின்னோக்கிக் கேட்பது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவனும் புரிந்துகொண்டவனும் இந்தக் கேள்வியில் பிரிந்துவிடுவார்கள்.

உதாரணங்களை ஊரிலிருந்தே எடுங்கள். ரான்கின் சைக்கிளுக்கு நெய்வேலி அனல்மின் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, திறந்த வாய்க்கால் ஓட்டத்துக்கு வீராணம் ஏரி, கடலோரப் பொறியியலுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் போட்டிருக்கும் கற்களும் திரும்பி வந்த மணலும். அப்பா நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிற பிள்ளை பாய்லர் கேள்விக்கு முதல் ஆளாக வாய் திறப்பான்.

நான்காம் படி: வீடியோ

சொந்தமாக எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல் 2003-லிருந்து ஐஐடி, ஐஐஎஸ்சி பாடங்களைப் பதிந்து வைத்திருக்கிறது, பல பாடங்களுக்குத் தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் பழைய என்பிடெல் விரிவுரை பல ஒரு மணி நேரத்தை ஒட்டி ஓடும். முழு லிங்கை அனுப்பாதீர்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று குறித்து அனுப்புங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 2014-ல் லட்சக்கணக்கான பார்வைகளை ஆராய்ந்தபோது ஆறு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோக்களில்தான் மாணவர்கள் கடைசி வரை நின்றார்கள்.

நீங்களே எடுத்தால் இப்படி: போனை இரண்டு அடுக்குப் புத்தகத்தின் மேல் பாலம்போல, பின்பக்கக் கேமரா கீழே பார்க்கும்படி வைத்து, கீழே வெள்ளைத்தாள், கறுப்பு ஜெல் பேனா, கையும் தாளும் மட்டும் தெரிந்தால் போதும். ஃபேனை அணைத்துவிடுங்கள், படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்கவில்லை என்றால் மூடிவிடுவார்கள். லேப்டாப்பில் என்றால் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். வகுப்பில் பேசுவதைப் போலவே தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுங்கள், ஆனால் தேர்வில் எழுத வேண்டிய கலைச்சொல்லை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லி எழுதியும் காட்டுங்கள். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு கருத்து. தவறிச் சொன்னால் நிறுத்தித் திருத்திக்கொண்டே போங்கள், திரும்ப எடுக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

அனுப்பும்போது 360பி தரத்தில் சுருக்கி வாட்ஸ்அப் குழுவில் ஒன்று, கூகுள் கிளாஸ்ரூமிலோ மூடில் என்ற பாடத் தளத்திலோ ஒன்று, துறைக் கணினியில் ஒன்று. மூடில் ஆப்பில் தரவிறக்கி வைத்து நெட் இல்லாமல் பார்க்கலாம், பஸ் பயணத்துக்கு அது நல்ல வசதி. கூடவே இரண்டு பக்க அச்சு நோட்டு ஒன்றும் வேண்டும். போனே இல்லாத ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தாலும் அந்த நோட்டு இருந்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: பார்த்துவிட்டு வந்ததற்கு அடையாளம்

யார் பார்த்தார்கள் என்பதை யூடியூப் எண்ணிக்கை சொல்லாது. கையால் எழுதிய அரைப்பக்கம் கேளுங்கள்: வீடியோவில் வந்த படம் ஒன்று, எண்ணை மாற்றிப் போட்ட கணக்கு ஒன்று, புரியாத இடம் எது என்று ஒரு வரி. எண்ணை ஆளுக்கு ஆள் மாற்றப் பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சுமையாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம் (பூஜ்யம் வந்தால் பத்து). காப்பி அடிப்பது பெருமளவு குறையும். அந்த மூன்றாவது வரிதான் தங்கம். வகுப்புக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் அதை மட்டும் புரட்டினால் இன்று எதில் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: அந்த 50 நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் அரைப்பக்கத்தில் அதிகம் பேர் எழுதிய சந்தேகம் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள். பாடத்தைத் திரும்ப நடத்தாதீர்கள்.

அடுத்து முதல் கேள்வி. பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, தனியாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். பல கல்லூரிகளில் வகுப்பில் போன் கூடாது, அதனால் ஆப் எதுவும் தேவையில்லை: அ என்றால் ஒரு விரல், ஆ என்றால் இரண்டு, இ என்றால் மூன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்டட்டும், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக் கூடாது. ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவாகச் சரி என்றால் அடிப்படை போய்ச்சேரவில்லை, சுருக்கமாக விளக்கிவிட்டு வேறொரு கேள்வி. எழுபதுக்கு மேல் சரி என்றால் ஒரு நிமிடத்தில் காரணம் சொல்லித் தாண்டிவிடுங்கள். நடுவில் இருந்தால் அதுதான் அறுவடை: விடையைச் சொல்லாமல், வேறு விடை சொன்ன ஒருவனைத் தேடிப்பிடித்து மூன்று நிமிடம் அவனை உன் பக்கம் இழு என்று விடுங்கள். வகுப்பு இரையும். பக்கத்து அறை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிறகு மறுபடி விரல். சரியான விடையின் பக்கம் கூட்டம் நகர்வது கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் சரியான காரணம் வைத்திருப்பவனால்தான் அதை விளக்க முடியும். போன வாரம்தான் அதே இடத்தில் தடுமாறிய நண்பன் சொல்வது சில நேரம் நாம் சொல்வதைவிட நன்றாக ஏறுகிறது.

அதன் பிறகு இருபது, இருபத்தைந்து நிமிடம் எழுதுகிற வேலை, மூன்று மூன்று பேராக. பெஞ்ச் தரையோடு இறுக்கப்பட்டிருந்தால் ஒற்றைப்படை வரிசை பின்னால் திரும்பி உட்காரட்டும். குழுவுக்கு ஒரே தாள், ஒரே பேனா, ஒவ்வொரு கணக்குக்கும் எழுதுகிறவர் மாற வேண்டும், இல்லையென்றால் நன்றாகப் படிக்கிறவனே மூன்றையும் போட்டு முடித்துவிடுவான். குழுவை நீங்களே பிரித்துவிடுங்கள், பெண் பிள்ளைகளும் பையன்களும் தனித்தனியாக உட்கார்ந்தாலும் பரவாயில்லை, மதிப்பெண்ணில் கலந்து இருக்கட்டும். நீங்கள் நாற்காலியில் உட்காரவே கூடாது. நடந்துகொண்டே இருங்கள், ஒரு மேஜையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். விடையைச் சொல்லாமல் கேள்வி கேளுங்கள்: இந்த வெட்டுக்கு இடது பக்கம் என்னென்ன விசை இருக்கிறது, எண்ணிச் சொல்லு பார்ப்போம்.

கடைசி ஐந்து நிமிடம் அவரவர் தனித்தாளில் ஒரு சின்னக் கணக்கு, வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். குழுவில் தலையாட்டியவன் யார், புரிந்தவன் யார் என்பது அதில் தெரிந்துவிடும்.

பார்க்காமல் வந்தவர்களை என்ன செய்வது

இந்த முறை உயிர்பிழைப்பதும் சாவதும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. அவர்களுக்காகப் பாடத்தைத் திரும்ப நடத்தினால் அன்றோடு முடிந்தது. திட்டவும் வேண்டாம், வெளியே அனுப்பவும் வேண்டாம். பின் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்க அச்சு நோட்டைப் பத்து நிமிடம் படித்து, அரைப்பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் குழுவில் சேரட்டும். முதல் கேள்வி விவாதம் அவர்களுக்குப் போய்விடும், அந்த இரைச்சலுக்குள் தான் இல்லை என்பது அவர்களுக்கே உறுத்தும். தொடர்ந்து பார்க்காமல் வருகிறவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் சோம்பேறித்தனமாக இருக்காது, மாலையில் கடை வேலைக்குப் போகிறானாக இருக்கும், போன் ரிப்பேராக இருக்கும்.

மதிப்பெண்ணும் கொஞ்சம் ஒட்ட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த இன்டர்னலிலும் எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம், அசைன்மென்ட், செமினார், மினி ப்ராஜெக்ட் போன்றவற்றுக்கு 40 சதவீதம். இந்த இரண்டாவது பங்கில் அரைப்பக்கத் தாள்களையும் வகுப்பு முடிவுக் கணக்கையும் தாராளமாகச் சேர்க்கலாம். தன்னாட்சிக் கல்லூரியிலும் புதுச்சேரிக் கல்லூரிகளிலும் பங்கீடு வேறாக இருக்கும், ஹெச்ஓடியிடம் செமஸ்டர் தொடங்கும் முன்பே பேசி லெசன் பிளானில் எழுதிவிடுங்கள். என்பிஏ அங்கீகாரக் கோப்புக்கும் இந்தத் தாள்களே சான்று.

லேபில் தொடங்குவது இன்னும் சுலபம்

தியரி வகுப்பைத் திருப்பத் தயக்கமாக இருந்தால் லேபிலிருந்து ஆரம்பியுங்கள். முப்பது பேர் பேட்ச், ஒரே யூனிவர்சல் டெஸ்டிங் மெஷின் (பொருளை இழுத்தும் அழுத்தியும் வலிமை பார்க்கிற இயந்திரம்), அதைச் சுற்றி நின்று விளக்கம் கேட்பதில் முன்வரிசைக்கு மட்டும்தான் டயல் தெரியும். அந்த விளக்கத்தை ஐந்து நிமிட வீடியோவாக்கி முந்தைய நாளே அனுப்பினால் லேபுக்குள் நுழைந்ததும் கை வேலை தொடங்கிவிடும். மத்திய அரசின் வர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் பல துறைகளுக்கு சிமுலேஷன் இலவசமாக இருக்கிறது, முன்கூட்டியே அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து ரீடிங் எப்படி வரும் என்று ஊகித்து அப்சர்வேஷன் நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். ஊகித்ததும் நிஜமும் ஏன் மாறியது என்பதுதான் வைவா. ரெகார்ட் நோட்டில் பழைய பேட்ச் ரீடிங்கைப் பார்த்து எழுதுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

மழைக்கால மூட்டை

நம் கடற்கரைக்கு இது தனியாகச் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல், நடுவில் 2015 வெள்ளம், கடலூரும் புதுச்சேரியும் அடிபடுவது பெரும்பாலும் ஆட் செமஸ்டரின் (கல்வியாண்டின் முதல் பாதி) வால் பகுதியில், சிலபஸ் முடிக்க ஓடுகிற நேரத்தில். மழை விடுமுறை விட்டால் ஆன்லைனில் லைவ் வகுப்பு எடுத்துவிடலாம் என்று சுற்றறிக்கை வரும். புயல் அடிக்கிற நாளில் கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது, முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிற வீட்டில் பிள்ளை எப்படி ஜூமில் உட்காரும்?

அதனால் அக்டோபர் முதல் வாரத்திலேயே மழைக்கால மூட்டை ஒன்று கட்டிக் கொடுத்துவிடுங்கள்: கடைசி இரண்டு யூனிட்டிலிருந்து நான்கைந்து குட்டி வீடியோக்கள், போனிலேயே தரவிறக்கி வைத்தது, கூடவே அச்சு நோட்டு, எண் போட்ட கணக்குகள். விடுமுறை வந்தால் மூட்டையில் இத்தனாவது வீடியோ என்று ஒரு எஸ்எம்எஸ் போதும், முடிந்தவர்கள் பார்ப்பார்கள். திரும்பி வந்த முதல் வகுப்பில் மட்டும் யாரிடமும் அரைப்பக்கம் கேட்காதீர்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

ஒரு எச்சரிக்கை. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே படித்துக்கொள்ளச் சொல்கிறார் என்ற முணுமுணுப்பு ஹெச்ஓடி வரை போகும். 2019-ல் ஹார்வர்ட் இயற்பியல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தாங்களே வேலை செய்த வகுப்பில் அவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தானே போடும்போது வியர்க்கும். இதை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அந்த ஆய்வைப் பற்றியே ஐந்து நிமிடம் பேசுங்கள். ஃபீட்பேக் படிவத்தை மட்டும் வைத்து முறையை எடை போடாதீர்கள்.

எடை போட வேண்டியது விடைத்தாளில். திருப்பிய தலைப்பில் ஒரு கேள்வி, திருப்பாத தலைப்பில் அதே கடினத்தில் ஒரு கேள்வி என்று முதல் இன்டர்னலிலேயே வையுங்கள். சராசரியைவிட, கேள்வியைத் தொடவே தொடாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அடித்துத் திருத்தியாவது ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் (பொருளின் மேல் இருக்கிற விசைகளைக் காட்டும் படம்) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி வரிசை மாணவனிடம் நடக்கும் மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும்.

அடுத்த செமஸ்டருக்கு அதே வீடியோக்களை வைத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. கேள்விகளை மட்டும் மாற்றுங்கள். நூற்றில் எண்பது பேர் முதல் விரலிலேயே சரியாகச் சொன்ன கேள்வியைத் தூக்கிவிட்டு, அரைப்பக்கத் தாள்களின் மூன்றாவது வரியிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்யுங்கள். அதே பாடத்தை அடுத்த செக்‌ஷனில் எடுக்கிற மேடம் இருந்தால் தலைப்பைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் பீம், அவர் டார்ஷன் (முறுக்கு).